பள்ளம் வானத்துல இல்ல... டிரைவர்ல!

சாயர்புரத்தில் எங்க வீட்டு மொட்டை மாடி. ஒரு மீட்டர் மரச்சட்டம், அதைச் சுத்தி எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பியோட முனை, பழைய கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டுக்குள்ள! "ஏலே, துணி காயப் போடவா இது?"ன்னு ஆச்சி கேட்டாங்க. இல்ல ஆச்சி, நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போற சிக்னலைப் பிடிக்க!

பக்கத்து ஊர் சமாச்சாரம்தான். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990-ல் தொடங்கியது. அங்கிருந்து கிளம்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல. அதிர்வெண் இவ்வளவு குறைஞ்சாத்தான் ரேடியோ அலை கடல் தண்ணிக்குள்ள கொஞ்சமாவது இறங்கும். செய்தி ரகசியம், அது நமக்கு வேண்டாம். எவ்வளவு பலமா வருதுன்னு அளந்தா போதும். 2009 சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தா ஆய்வாளர்கள் இதே சிக்னலை அளந்துதான் அயனி மண்டலத்தை ஆராய்ந்தார்கள்.

சவுண்டு கார்டு விநாடிக்கு 48,000 தடவை அளக்கும். அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும். நம்ம 18.2 அதுக்குள்ள வந்தாச்சு! கார்டுக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் நடுவில் நிற்பவர்தான் டிரைவர். 1,024 அளவுகள் சேர்ந்ததும் கார்டு மணி அடிக்கும். அதுக்குப் பேர் இன்டரப்ட். 21 மில்லி செகண்டுக்கு ஒரு மணி! டிரைவர் அசந்தா பழசு மேல புதுசு விழுந்து, டேட்டா காலி.

ஓப்பன் சோர்ஸ் டிரைவர் ஒன்றை எடுத்து மாத்தி எழுதினேன். ஒருநாள் மதியம் 12 மணிக்கு கிராஃபில் பெரிய பள்ளம். 'சூரிய வெடிப்பு!' மறுநாள் செமினார். ராத்திரியே ஸ்லைடு ரெடி.

காலையில் சார் பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, கொல்கத்தா சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்க சிக்னல் வானத்துல பட்டுத் திரும்பிப் போகுது. உனக்கு 50 கிலோமீட்டருக்குள்ள... தரையோட ஒட்டியே வந்துடுமே! 12 மணிக்கு நீ என்ன பண்ணினே?"

சுருக்குன்னுச்சு. டிரைவர் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க, ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி சீரியல் கேபிள் வழியா வெளிய அனுப்பச் சொன்னதே 12 மணிக்குத்தான்! அந்த கேபிளில் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். நான் திணிச்சதோ 47 வரி, கிட்டத்தட்ட 1,900 எழுத்து. வரி போய் முடியும்வரை கெர்னல் காத்து நிற்க, அடுத்த மணிகள் தவறிப் போச்சு. தவறின இடத்திலெல்லாம் என் டிரைவர் பூஜ்யத்தை நிரப்ப, சராசரி விழுந்தது. அந்த ஒரு வரியை எடுத்தேன். பள்ளம் போயே போச்சு!

செமினாரில் அந்த ஸ்லைடை நான் அழிக்கல. 'சூரிய வெடிப்பு'ங்கிற தலைப்பை மட்டும் 'என் தப்பு'ன்னு மாத்தினேன். அதிகமா கேள்வி வந்தது அந்த ஸ்லைடுக்குத்தான்.

உங்க புராஜெக்ட்டில் அதிசயம் ஏதாவது தெரிஞ்சா, வானத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி கோடிங்கை ஒரு தடவை பார்த்துடுங்க பாஸ்!