திண்ணை இருந்த இடத்தில் கார்

திருவல்லிக்கேணியில் வண்டி இல்லாதவருக்கும் வாழ்க்கை சுலபம். காய்கறிக்கு ஜாம்பஜார், பழைய புத்தகத்துக்குப் பாரதி சாலை நடைபாதை, சாம்பாரில் மூழ்கிய இட்லிக்கு ரத்னா கஃபே, சாயங்காலம் மெரினாக் காற்று. எதற்கும் பஸ் ஏற வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் ஒரு கட்டுக் கொத்துமல்லிக்கும் கைப்பேசியில் ஆர்டர் போட்டுக் காத்திருப்பவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் வயதான பெண்கள் இங்கே யார் தயவும் இல்லாமல் கோயிலுக்கும் மருந்துக்கடைக்கும் போய்வருகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு பேட்டையை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

வாடகைக்கு வந்தவர்களைத் தாங்கிய பேட்டையும் இது. பாரதி தன் கடைசிக் காலத்தில் குடியிருந்து, 1921-இல் கண்மூடியது துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில். 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன் கணித மேதை ராமானுஜன் இருந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில். வேலை தேடிச் சென்னைக்கு வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் முகவரி இங்குள்ள மேன்ஷன் அறைதான். இந்த அரவணைப்பு மதமும் பார்ப்பதில்லை: 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் நோன்பு திறப்பவர்களுக்கு சூஃபிதார் அறக்கட்டளையினர் ஆண்டுதோறும் உணவு பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஓர் இந்து தொடங்கிவைத்த தொண்டு அது.

சிரமங்களும் கொஞ்சநஞ்சமல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டுச் சண்டையாகக் காதில் விழும். மழை தவறிய 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்றால் சுற்றுவட்டாரத் தெருக்கள் அடைத்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வேறு. பழைய வீடுகளில் வாசலை ஒட்டித் திண்ணை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் கண்ணில் படாமல் ஒரு குழந்தை தெருமுனையைத் தாண்ட முடியாது. வெயிலில் வந்த தபால்காரர் அங்கேதான் தண்ணீர் குடித்தார். பூக்காரம்மா கூடையை இறக்கியதும் அங்கேதான். இன்று அந்த வீடுகள் இடிபட்டு, நாலு மாடி ஃப்ளாட்டுகள் எழும்புகின்றன. தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங், அதன் முன்னே பூட்டிய இரும்பு கேட். மனிதர்கள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டார்கள். தெருவைப் பார்த்தபடி உட்கார ஆளில்லை. அந்த பார்க்கிங்கும் போதாமல் இரண்டாவது காரும் மூன்றாவது ஸ்கூட்டரும் தெருவோரம் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கைத்தடியோடு ஒரு முதியவர் நடந்து வருவதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய முடியாமல் நோயாளியைத் தெருமுனைவரை தூக்கிச் செல்லும் சந்துகளும் உண்டு.

தெருக்கள் குறுகல், அகலப்படுத்த வேண்டும் என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். பார்த்தசாரதி கோயில் பெருமாள் புறப்பாட்டின்போது மாடவீதி வண்டிகளை அப்புறப்படுத்தியதும் பாருங்கள், பல்லக்கும் கோஷ்டியும் கூட்டமும் தாராளமாகப் போகின்றன. பெருமாளுக்குப் போதுமான அகலம் மனிதர்களுக்கும் போதும். தெரு நிறுத்துமிடமாக மாறியதுதான் கோளாறு. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் கார்களுக்கான இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்கு அகலமான பாதை போட்ட மாநகராட்சிக்கு இந்த வேலை புதிதல்ல. அங்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் துணி வாங்க வந்துபோகிறவர்கள். இங்கே நடப்பவர்கள் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்கள், தினமும் நடக்கிறவர்கள். மாடவீதிகளில் கார் நிறுத்தத் தடை, பேட்டையின் ஓரத்தில் பொது நிறுத்துமிடம், புதிதாகக் கட்டுகிறவர்கள் வாசலில் நாலு பேர் உட்கார ஒரு மேடை. இந்த மூன்றையும் அடுத்த வார்டு கூட்டத்திலேயே திருவல்லிக்கேணிக்காரர்கள் கேட்க வேண்டும்.