மனச்சோர்வும் மஞ்சட் பூவும்

ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் சென்ற மாணவர் சிலர், புல்வெளி ஓரங்களில் ஐந்து இதழ் விரித்துப் பொன்போல் ஒளிரும் மலர்களையுடைய ஒரு செடியைக் கண்டிருத்தல் கூடும். தாவரநூலார் அதனை ஹைப்பெரிக்கம் மைசூரென்ஸ் என்பர். தென்னிந்திய மலைகளிலும் அது வளர்கின்றது. இதன் ஐரோப்பிய உறவினமே, மனச்சோர்வு தணிக்கும் மூலிகையென இன்று பல நாடுகளில் விற்கப்படும் 'சென் ஜோன்ஸ் வோர்ட்'. யூன் 24 ஆம் நாள் வரும் புனித யோவான் திருநாளையொட்டிப் பூப்பதால் அது அப்பெயர் பெற்றது.

அம்மூலிகை உண்மையிற் பயன் தருமோ? 2008 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 5,489 நோயாளர் பங்குகொண்ட 29 சோதனைகளை ஒப்புநோக்கிற்று. மருந்தற்ற போலி மாத்திரையினும் அது மேலானதென்றும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ நிகரானதென்றும் கண்டனர். ஆயினும், ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளின் சோதனைகளிலேயே பயன் மிகுந்து காணப்பட்டது. இலேசான சோர்வுக்கு உதவுமெனினும், கடுஞ்சோர்வுக்கு இதனை நம்பியிருத்தல் தகாது.

வாய் உலர்தல், வயிற்றுக் கோளாறு, தலைச்சுற்று, வெயில் பட்ட தோல் சிவத்தல் ஆகியன இதன் சிறு தீங்குகள். பெருந்தீங்கு வேறொன்று. இதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்னும் பொருள், மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியங்களைப் பெருக்குகின்றது. அதனால் உடன் உண்ணும் பிற மருந்துகள் வலுவிழக்கின்றன. குருதி உறையாது காக்கும் வார்ஃபரின் பயன் குன்றும். கருத்தடை மாத்திரை பொய்த்துப்போகலாம். மாற்று இருதயம் பொருத்தப்பெற்ற இருவரின் உடல், இம்மூலிகையால் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு குறைந்தமையால், அவ்விருதயத்தை ஏற்க மறுத்த செய்தி 2000 இல் 'லான்செற்' இதழில் வெளியாயிற்று. மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளுடன் கூடின், செரட்டோனின் மிகுந்து நடுக்கமும் காய்ச்சலும் உயிராபத்தும் நேரலாம்.

கடல்கடந்து வாழும் நண்பர்கள் ஊருக்கு வருங்கால், பெற்றோருக்கெனச் சத்து மாத்திரைப் போத்தல்கள் கொணர்வதுண்டு. அவற்றுள் இஃது இருப்பின், 'இலை மருந்துதானே, என்ன செய்யும்?' என்று கொடுத்துவிடல் ஆகாது. நோய் தணிக்கும் ஆற்றலுடைய பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. அன்னையார் ஏற்கெனவே எம்மருந்து உட்கொள்கின்றார் என்று வினவி, மருத்துவரிடம் போத்தலையே காட்டுதல் வேண்டும். உண்டுவருவோரும் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. நிறுத்தியபின் மற்றை மருந்தின் அளவு குருதியில் ஏறக்கூடும்.

மாணவர்களே, நம் மலையிற் பூக்கும் செடியைப் பறித்து மென்று பார்க்கவும் துணியாதீர். ஒரு குலத்தன ஆயினும் ஒரு குணத்தன அல்ல. நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்தபின்னரே மருந்து என்பது வள்ளுவர் கொள்கை. மனச்சோர்வு சோம்பலுமன்று, பேய்க்குற்றமுமன்று. மருத்துவத்தால் தீரும் நோய். நெஞ்சின் சுமையை மறையாது மருத்துவரிடம் உரைத்தலே முதல் மருந்து. அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் அதற்கென உள்ளது.