வடசென்னைக் கடற்கரையில் சோதனையும் நீதியும் படைப்பும்: ஒரு கிறித்தவப் பார்வை

கிறித்தவ அறவியலில் 'நீதியான வாழ்வு' என்பது இறைவனோடும் மனிதரோடும் படைப்போடும் முறையான உறவில் நிற்பதைக் குறிக்கும். அந்த உறவிலிருந்து மனிதரை விலக்கும் இழுப்பு 'சோதனை' எனப்படுகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இக்கருத்துகளைத் தனித்தனியே பேசுவது கடினம். தேவாலயம், மீன்பிடித் துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்க் குழாய் எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனாலும் குடி, சூது, கைபேசி ஆகியவற்றைச் சோதனை என்று எச்சரிக்கும் அளவுக்கு, ஆற்றில் படியும் சாம்பலைப் பற்றிப் பிரசங்கங்களில் பேசப்படுவதில்லை. முன்னது ஆன்மிகம், பின்னது அரசியல் என்று பிரித்துப் பார்ப்பதே இதற்குக் காரணம். விவிலியத்தில் அந்தப் பிரிவினைக்கு இடமில்லை.

சொற்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற சொல், தீமைக்கு இழுக்கும் ஆசையையும் துன்பத்தால் வரும் பரீட்சையையும் ஒருசேரக் குறிக்கும். தமிழின் 'சோதனை'யும் அப்படிப்பட்டதே. "என்ன சோதனையோ" என்று அலுத்துக்கொள்பவர் ஆசையைப் பற்றிப் பேசுவதில்லை, கஷ்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

'நீதி' என்ற சொல்லிலும் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் தனிமனித நேர்மைக்கு ஒரு சொல்லும் சமூக நியாயத்துக்கு வேறொரு சொல்லும் வழங்குகின்றன. தமிழ் விவிலியத்தின் 'நீதிமான்', தெருக்கோடியில் இருக்கும் 'நீதிமன்றம்' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மத்தேயு 5:6-ஐ பழைய மொழிபெயர்ப்பு நீதியின்மீது கொள்ளும் பசியும் தாகமுமாகக் காட்டுகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ நீதியை நிலைநாட்டும் வேட்கை என்று விரித்துச் சொல்கிறது. இரண்டு பொருளும் மூலச் சொல்லில் உள்ளவைதான்.

இராயப்பரின் ஊர்

இயேசுவின் சீடரான பேதுருவின் பெயருக்குப் 'பாறை' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்று அழைத்தனர். இராயபுரம் என்ற பெயர் அவரிடமிருந்தே வந்ததாகச் சொல்லப்படுகிறது. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829-இல் படகோட்டிச் சமூகத்தாரால் எழுப்பப்பட்டது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத அக்காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் பயணிகளையும் அலைகளின் ஊடே மசூலாப் படகுகளில் கரை சேர்த்தது இச்சமூகத்தார்தான். மீனவரான ஒரு சீடரைப் படகோட்டிகள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டதில் வியப்பில்லை.

பேதுரு சோதனையில் வென்றவர் அல்லர், விழுந்தவர். இயேசு கைதான இரவில், கரி நெருப்பருகே குளிர்காய்ந்து நின்ற அவர், அந்த ஆளைத் தமக்குத் தெரியாது என்று மும்முறை மறுத்தார். அவரை வீழ்த்தியது பணமோ இன்பமோ அன்று, அச்சம். 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று ஒதுங்கிவிடுவதும் சோதனையில் விழுவதுதான் என்பதற்கு நற்செய்தி நூல்களில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் அதே பேதுரு மீண்டும் ஒரு கரி நெருப்பின்முன் நிற்கிறார். இம்முறை கடற்கரையில், சுட்ட மீனோடு. மூன்று மறுப்புக்கு ஈடாக மூன்று கேள்விகள் கேட்கப்பட்டு, மந்தையைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மன்னிப்பு ஒரு வேலையாக அவர் கைக்கு வந்து சேர்கிறது.

துறைமுகம் வந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1875-இல் அதன் பணி தொடங்கியது. 1881-இல் புயல் அதைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டி முடித்தார்கள். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுசெல்லும். துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. இன்று அப்பகுதியில் கருங்கல் கொட்டிய கரையே நீண்டு கிடக்கிறது. மெரினாவில் காற்று வாங்குபவர் எவரும் வடக்கே ஒரு வீட்டைக்கூட இடித்ததில்லை, ஆனாலும் இடிந்தது. போப் இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பேசிய 'பாவக் கட்டமைப்புகள்' என்ற கருத்தை விளக்க இந்தக் கரையே போதும். யாருடைய தனிப்பட்ட தீய எண்ணமும் இல்லாமலேயே, ஒரு ஏற்பாடு சிலருக்கு நன்மையையும் சிலருக்கு இழப்பையும் தொடர்ந்து பங்கிட முடியும்.

தூண்டிலும் இரையும்

யாக்கோபு 1:14 சோதனையை மீன்பிடிச் சொற்களால் விளக்குகிறது. அங்குள்ள கிரேக்க வினைக்கு 'இரை காட்டிப் பிடித்தல்' என்று பொருள். தமிழ் மொழிபெயர்ப்பின் 'சிக்குண்டு' என்ற சொல்லும் வலையை நினைவூட்டுகிறது. எந்த மீனுக்கு எந்த இரை என்பது மீனவருக்குத் தெரியும். மீனின் ஆசையைப் படித்துத்தான் அவர் தூண்டில் போடுகிறார்.

இன்றைய கைபேசிச் செயலிகளும் அவ்வாறே ஆளைப் படித்து இரை வைக்கின்றன. நாட்கூலி வாங்கும் இளைஞருக்கு ஆன்லைன் ரம்மி வருகிறது. அதில் தோற்றவருக்கு உடனடிக் கடன் வருகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றபோதும், ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்று கூறி விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடை செய்தது. இத்தனை சட்டப் போராட்டத்துக்குப் பிறகும், சிக்கியவரின் மன உறுதியை மட்டும் குறை சொல்லும் அறிவுரைகள் ஓய்ந்தபாடில்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரம் விழுந்தவரைவிட, விழச் செய்தவரையே கடுமையாக எச்சரிக்கிறது. அங்கே 'இடறல்' என்று மொழிபெயர்க்கப்படும் 'ஸ்கண்டலோன்' என்ற கிரேக்கச் சொல், முதலில் பொறியில் இரை மாட்டும் குச்சியைக் குறித்தது.

இக்கரையில் ஆசையைப் பற்றிப் பேசியவர்கள் கிறித்தவர் மட்டுமல்லர். பெருவணிகராக இருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது. அவரைத் துறவுக்குத் திருப்பியது காதில்லாத ஓர் ஊசி என்பது மரபுக்கதை. செல்வரைப் பற்றிப் பேசும்போது இயேசு எடுத்துக்கொண்டதும் ஊசியின் காதைத்தான்.

படைப்பு: ஆள்வதா, காப்பதா

1967-இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், இயற்கையை மனிதனுக்கு அடிமையாக்கிய மனப்போக்கில் மேற்கத்தியக் கிறித்தவத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று எழுதினார். அவர் சுட்டியது ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குத் தரப்படும் ஆளுகையை. அக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனெனில் அந்த வசனம் பலமுறை அப்படிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். விவிலியத்தின் முதல் ஆசீர்வாதம் மனிதருக்கு அன்று, கடல்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் கிடைக்கிறது (ஆதியாகமம் 1:22). கடலை நிரப்பும்படி மீன்களுக்குச் சொன்ன பிறகுதான் மனிதர் வருகிறார். இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தில் அவருக்குத் தரப்படும் பணி பண்படுத்துவதும் காப்பதும். அங்குள்ள 'ஷாமர்' என்ற எபிரேய வினையே, தன் தம்பிக்குத் தான் காவலாளியா என்று காயீன் கேட்கும் இடத்திலும் வருகிறது. நிலத்தைக் காப்பதும் சகோதரனைக் காப்பதும் அம்மொழியில் ஒரே வினை.

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. இங்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுசெல்லும் குழாய்கள் பலமுறை கசிந்து, ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்கு முதலில் பட்டது அந்த மாற்றம். சேறு இருந்த இடத்தில் சாம்பல் இருந்தது. அருகிலுள்ள மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடும் மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கிடையே தார்போல் தேங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளிகளில் அள்ளினார்கள். அதே ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூரைப் படம்பிடித்துக் காட்டியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல் எப்படி வசைச்சொல்லானது என்று கேட்டது அப்பாடல். பூமி முழுவதும் ஆண்டவருடையது என்று தொடங்கும் 24-ஆம் சங்கீதத்தின்படி பார்த்தால், உலகில் புறம்போக்கு அல்லாத நிலமே இல்லை.

2023 டிசம்பர் 3 கிறித்தவ நாள்காட்டியில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்நாள்களில்தான் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரங்கள், கூழைக்கடாக்கள் எல்லாவற்றிலும் கறுப்பு ஒட்டியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் தெருவுக்கு ஓடி வந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பொய்யும் களவும் பெருகிய நாட்டில் நிலம் புலம்பும், கடல் மீன்களும் மடியும் என்ற கருத்தை ஓசியா 4-ஆம் அதிகாரம் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே முன்வைத்தது. மனிதரின் ஒழுக்கத்துக்கும் மீனின் உயிருக்கும் தொடர்பில்லை என்று அந்தத் தீர்க்கதரிசி நினைக்கவில்லை.

கல்லும் அப்பமும்

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். இந்த ஆலைகளும் துறைமுகங்களும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. வீட்டுக்கு வெளிச்சமும் அங்கிருந்துதான் வருகிறது. பாலைவனத்தில் இயேசுவுக்கு வந்த முதல் சோதனையும் இதுதான்: பசி இருக்கிறது, கல்லை அப்பமாக்கினால் என்ன? பசி பொய்யென்று இயேசு சொல்லவில்லை. பின்னர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்தவர் அவர், அன்றாட உணவுக்காக வேண்டக் கற்பித்தவரும் அவரே. அப்பம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதைத்தான் அவர் மறுத்தார். ஆகவே ஆலைத் தொழிலாளியின் வயிற்றையும் மீனவரின் வயிற்றையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது கிறித்தவ அறம் ஆகாது. கசியும் குழாயை மாற்றும் செலவை ஒத்திப்போடுபவர் அவ்விருவரில் எவரும் இல்லை.

விழுந்தபின் என்ன செய்வது என்பதற்கு விவிலியத்தின் விடை வருத்தம் மட்டுமன்று. ஒருவர் மூட்டிய தீ பிறர் விளைச்சலை எரித்தால், மூட்டியவரே ஈடுகட்ட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம். வரி வசூலிப்பவரான சகேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த பிறகே மீட்பைப் பற்றிய வார்த்தை வருகிறது (லூக்கா 19). மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல், வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், நாட்டின் சட்டமாக ஏற்றது. எண்ணூர் வழக்குகளில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பின்பற்றுவதும் அக்கோட்பாட்டையே. ஆனால் இழப்பீடு என்பது ஒருமுறை தரும் தொகையோடு முடிந்துவிடக் கூடாது. எண்ணெய் வாடை அடிக்கும் மீனை வாங்க ஆளில்லாத மாதங்களையும், மீன் திரும்பி வரவேண்டிய சேற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருச்சபைகளும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. இயற்கையை அழிப்பது பாவம் என்று ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு 1997-இல் வெளிப்படையாகச் சொன்னார். போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடல் அக்கூற்றை எடுத்தாண்டது. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை பல சபைகள் 'படைப்பின் காலம்' கடைப்பிடிக்கின்றன. அந்நாள்களில் மரக்கன்று நடுவது எளிது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து ஆலையின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பது அவ்வளவு எளிதன்று. பேதுரு தடுமாறியதும் அத்தகைய ஓரிடத்தில்தான்.

ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். காசிமேட்டில் அதுபோன்ற ஓர் ஓய்வு ஆண்டுதோறும் நடைமுறையில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக. சற்று வடக்கே பழவேற்காட்டில், ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இன்று ஒருவருக்கு வந்த நல்ல இடம் நாளை மற்றொருவருக்குப் போகும். கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாள்களிலும், கழிமுகத்துக்கு அப்பால் புகைபோக்கிகள் வழக்கம்போல் புகைந்துகொண்டிருக்கின்றன.