சித்குல்

சித்குல் இந்தியாவின் இமாச்சலப் பிரதேச மாநிலத்தில், கின்னௌர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இது பாஸ்பா ஆற்றின் வலக்கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. திபெத் எல்லையை நோக்கிச் செல்லும் பாஸ்பா பள்ளத்தாக்கில் மக்கள் வாழும் கடைசி ஊர் இதுவாகும்.

மக்கள் தொகை

2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்வூரின் மக்கள் தொகை 882 ஆகும். உருளைக்கிழங்கு, பட்டாணி ஆகியன முக்கியப் பயிர்கள். குளிர்காலத்தில் கடும் பனிப்பொழிவு காரணமாகப் பலர் தாழ்வான பகுதிகளுக்குச் சென்று தங்குகின்றனர். எனவே ஊரில் வசிப்போரின் எண்ணிக்கை பருவத்திற்கேற்ப மாறுபடும்.

போக்குவரத்து

கின்னௌர் மாவட்டத்தில் தொடருந்துப் பாதை இல்லை. பாஸ்பா ஆறு சத்லஜ் ஆற்றுடன் கலக்கும் கர்ச்சம் என்னுமிடத்தில், தேசிய நெடுஞ்சாலை 5 இலிருந்து பிரியும் மலைச்சாலை சாங்லா வழியாகச் சித்குலை அடைகிறது. மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவிலிருந்து வரும் பேருந்துகளும் இவ்வழியையே பயன்படுத்துகின்றன.

வாகனங்கள் செல்லக்கூடிய வேறு பாதை இல்லாததால், பனியாலோ நிலச்சரிவாலோ இச்சாலை தடைபடும்போது ஊர் துண்டிக்கப்படுகிறது. 2021 சூலை 25 அன்று பட்சேரி அருகே மலையிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்ததில் வாகனத்தில் சென்ற 9 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். ஆற்றின் மீதிருந்த பாலம் ஒன்றும் உடைந்தது. விளைபொருள்களைச் சந்தைக்கு அனுப்பவும், நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் இவ்வூர் மக்கள் இந்த ஒரே சாலையையே நம்பியுள்ளனர்.