தகுதிச் சோதனையில் தவறிய வண்டியும் குடியானவர் செய்யவேண்டுவனவும்

விளைபொருள்களைக் கட்டைவண்டியில் ஏற்றி, இரவெல்லாம் வழிநடந்து சந்தை சேர்ந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இக்காலத்தில் பல கிராமங்களிலும் சிறு சரக்கு மோட்டார் வண்டிகள் காணப்படுகின்றன. தக்காளியும் வெண்டையும் வாழைத்தாரும் விடியுமுன் மார்க்கெட்டை அடைவது இவற்றாலேயே. அத்தகைய வண்டி தகுதிச் சோதனையில் தவறிவிட்டதென்றால் அதன் சொந்தக்காரர் மனங்கலங்குவது இயல்பு. காய் பறிக்கும் பருவத்தில் வண்டி நின்றுபோனால் நஷ்டம் சிறிதன்று. ஆயினும், அச்சமயம் பதற்றத்தினால் செய்யப்படும் காரியங்களே பின்னர்ப் பெருந்தீங்கை விளைவிக்கின்றன. ஆகவே, இவ்விஷயத்தில் கைக்கொள்ளவேண்டிய முறைகளை இங்கே எடுத்துக் கூறுவோம்.

சட்டம் கூறுவது

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி, சரக்கு வண்டி, வாடகை வண்டி முதலியவற்றிற்குத் தகுதிச் சான்று இருத்தல் வேண்டும். இதனையே ஜனங்கள் 'எப்.ஸி.' என்று வழங்குகிறார்கள். இச்சான்று இல்லாத வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகக் கருதப்படுவதில்லை. புது வண்டிக்கு முதற் சான்று 2 வருஷ காலத்திற்குச் செல்லும். 2018-ல் திருத்தப்பட்ட விதிப்படி, 8 வருஷம் வரையிலுள்ள வண்டிக்கு 2 வருஷத்திற்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷந்தோறும் சான்றைப் புதுப்பித்துக் கொள்ளவேண்டும்.

விவசாய டிராக்டர் இவ்வகுப்பைச் சேர்ந்ததன்று. அதன் பதிவு 15 வருஷத்திற்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும்போது அதுவும் சோதிக்கப்படுமாதலால், கீழே கூறப்படும் குறிப்புகள் டிராக்டர் உடையவர்களுக்கும் பயன்படும்.

முதலில் செய்யவேண்டுவது

சான்று மறுக்கப்பட்டால், அதற்குரிய காரணங்களை எழுத்து மூலமாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆகையால், 'பிரேக் சரியில்லை' என்று வாயால் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தச் சக்கரத்தில் என்ன குறை என்பது தெரிந்தால்தான் பட்டறையில் வீண் செலவு ஏற்படாது. 2021-ம் வருஷத்து விதிகளைத் தழுவி அமைந்துவரும் இயந்திரச் சோதனை நிலையங்களில் பிரேக்கின் பிடிப்பு கருவியால் அளக்கப்படுகிறது. அந்த அளவுகளைப் பட்டறைக்காரரிடம் காட்டினால் வேலை எளிதாகும்.

பழைய சான்றில் இன்னும் சில நாட்கள் மீதியிருப்பினும், பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ குறை கூறப்பட்டிருந்தால் பாரம் ஏற்றலாகாது. சான்று இல்லாத காலத்தில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைப் பற்றித் தகராறு செய்ய இடமுண்டு. ஒரு நடைச் சரக்கின் இலாபத்தைக் கருதி நிலத்தையே ஈடுகட்டும் நிலைக்கு வரலாகாது. அவ்வளவு நாளும் விளைபொருளை அண்டை அயலாருடன் சேர்ந்து வேறு வண்டியில் அனுப்புதலே நலம்.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

பிரேக்: மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் கட்டையில் கிரீஸோ எண்ணெயோ படிந்திருக்கலாம். கட்டையை மட்டும் மாற்றினால் பயனில்லை; எண்ணெய் கசியும் சீலையும் மாற்றவேண்டும். இல்லையேல் புதுக் கட்டையும் சில வாரங்களில் நனைந்துவிடும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது எனலாம். அழுத்திய பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில், மலைச்சரிவில் பிரேக் சூடேறும்போது கொதித்துப் பிடிப்பைக் கெடுக்கும்; ஆதலால் அதனை உரிய காலத்தில் மாற்றவேண்டும்.

ஸ்டியரிங்: முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருந்தால் பேரிங்கோ கிங்பின்னோ தேய்ந்திருக்கும். இடமும் வலமும் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டைராடு முனைகளே காரணம்.

டயர்: பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. டயரின் பள்ளங்களில் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரை மாற்றவேண்டும். டயர் தேய்ந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடும். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் சக்கர அமைப்பு பிசகியுள்ளது. காரணத்தை நீக்காமல் புது டயர் போடுவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போலாம்.

விளக்குகள்: பின்விளக்கு எரியாமைக்கு, பல்பைவிட, துருப்பிடித்த எர்த் ஒயரும் அழுக்கேறிய இணைப்பும் காரணமாயிருப்பதுண்டு. இதற்கு ஆகும் செலவு அற்பம். ஆயினும் உயிர்ச்சேதம் இதனால் நேர்கிறது. பின்புறத்துச் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை மங்கியிருந்தாலும் உரிந்திருந்தாலும் உடனே மாற்றவேண்டும்.

புகை: டீசல் எஞ்சினில் கரும்புகை வந்தால் முதலில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்து பார்க்க. உழவுக் காட்டிலும் களத்திலும் திரியும் வண்டிக்குப் பில்டர் விரைவில் அடைபடும். பிறகும் நீங்காவிடில் நாசிலைச் சோதிக்கவேண்டும். நீலப்புகையோ என்ஜின் ஆயில் எரிவதைக் குறிக்கும். அது தேர்ந்த மெக்கானிக் பார்க்கவேண்டியது.

இரவல் டயரின் கேடு

சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவலாகவோ வாடகைக்கோ வாங்கி மாட்டி, சான்று கிடைத்த மறுநாள் பழைய டயரைப் போட்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் ஏமாறுபவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' அல்லர், வண்டிக்காரரே. சான்றுத்தாள் டயரை வெடிக்காமல் காப்பதில்லை. மேலும், வண்டி விதிகளுக்கு ஒவ்வாத நிலையில் இருப்பது பின்னர்த் தெரியவந்தால், சான்றை எப்போது வேண்டுமாயினும் ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமையுண்டு. சந்தையிலிருந்து திரும்பும்போது அதே வண்டியில் கூலியாட்களும் ஏறிவரும் கிராமங்கள் பல. அவ்வழக்கம் விலக்கத்தக்கது; அங்ஙனம் இருக்கையில் மொட்டை டயரையும் சேர்த்துக்கொள்வது கொடுமையாகும்.

மறுசோதனையும் மேல்முறையீடும்

குறிப்பிற் கண்ட குறைகள் யாவும் தீர்ந்தபின், பாரமின்றியும் பாரத்துடனும் பட்டறையின் வெளியிடத்தில் பிரேக்கை ஒருமுறை சோதித்துப் பார்த்து, அதன்பின் மறுசோதனைக்குச் செல்க. மாற்றிய உறுப்புகளின் ரசீதுகளைக் கையில் வைத்திருக்கவேண்டும். மறுசோதனைக்குரிய கெடுவையும் கட்டணத்தையும் தவறிய அன்றே விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று. இன்ஷூரன்ஸ், வரி, புகைச்சான்று ஆகியவற்றின் கெடுவையும் அப்போதே பார்த்துக்கொள்க.

சான்று மறுத்தது நியாயமன்று என்று உண்மையாகவே கருதுவோர், பதிவு அதிகாரியின் உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் சட்டத்தின் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்துகொள்ளலாம். இடைத்தரகர்க்குக் கொடுக்கும் பணத்தைப் பிரேக்குக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

பருவத்திற்கு முன்னரே பார்த்தல்

தை மாதத்தில் சான்று முடிவதாயின், கார்த்திகையிலேயே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பவேண்டும். நெல்லும் கரும்பும் வீட்டுவாசலில் காத்திருக்கும்போது பட்டறையிலும் கூட்டம் மிகும். இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. கரும்பு ஏற்றிய டிரெயிலரில் தோகை பின்னால் தொங்கி விளக்கையும் சிவப்புப் பட்டையையும் மறைத்துவிடுகிறது. சோதனையில் தேறிய வண்டியும் அப்போது இருட்டில் தேறாத வண்டியே. தோகையைக் கழித்துக் கட்டி, பின்னால் வருவோர்க்குச் சிவப்பு வெளிச்சம் தெரியும்படி செய்தல் வேண்டும்.

மாட்டின் குளம்பில் லாடம் தேய்ந்தால் வண்டி பூட்டாத குடியானவர்கள், மோட்டார் வண்டியினிடத்தும் அக்கவனத்தைச் செலுத்துவார்களாயின், சோதனையில் தவறுவதும் அரிதாகும். தவறினும் நஷ்டம் சொற்பமாகும்.