பழைய படகு மோட்டார்: பிரித்து மாட்டுவதா, மாற்றுவதா?

அவுட்போர்டு மோட்டார் என்பது படகுக்கு வெளியே, பின்பலகையில் திருகி மாட்டப்படும் இயந்திரம். தலையில் இஞ்சின், நடுவில் நீண்ட கால், காலின் அடியில் கியர் பெட்டியும் புரொப்பல்லரும். சென்னையின் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரத்துக்கு அப்பால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் ஆகிய கரைகளில் துறைமுகம் கிடையாது. ஃபைபர் படகை மணலில் இருந்து நேராக அலைக்குள் தள்ளி இறக்க வேண்டும். திரும்பும்போது அலையோடு வந்து மணலில் ஏற்ற வேண்டும். கரை நெருங்கியதும் மேலே சாய்க்கவும், வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து போகவும் தோதான மோட்டார் இது. இங்கு ஓடுபவை பெரும்பாலும் 8 முதல் 10 குதிரைத்திறன் கொண்டவை.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் இந்த வகை மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். யமஹா தன் முதல் அவுட்போர்டை 1960இல் வெளியிட்டது. சோழமண்டலக் கரையில் அலையில் இறங்கி ஏறும் படகுக்கு எந்த இஞ்சின் பொருந்தும் என்பது நெடுநாள் சிக்கல். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் தொடங்கியது. அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலை அலுவலகத்தில் இருந்து செயல்பட்ட அந்தத் திட்டம், கரையேறும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் அமைப்புகளைச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. மோட்டார் பழுது அன்றாடக் கவலையாகவும் ஆனது.

வயதை வைத்து மட்டும் ஒரு மோட்டாரைக் கழித்துவிட முடியாது. எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள, உப்பு உள்ளே போகும் வழியைப் பார்க்க வேண்டும். காருக்கு ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே கடல்நீரே செய்கிறது. காலுக்குள் இருக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அது சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மோட்டாரின் பின்புறத் துளை வழியாகத் தாரையாகப் பீய்ச்சும். தாரை மெலிந்தாலோ ஆவி கலந்து வந்தாலோ உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். மோட்டார் நின்ற பிறகு, சூடான உலோகத்துக்குள் தங்கிய நீர் வற்றி உப்பு படிகிறது. படிந்து படிந்து நீர்வழி சுருங்குகிறது. அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடுகிறது. கரைக்கு வந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் காலை இறக்கிச் சில நிமிடம் ஓட்டினால் இதைப் பெரிதும் தடுக்கலாம். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் குப்பத்தில் அந்த டிரம் நிறைவது எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு எதிரி மணல். உடைஅலையில் கலங்கிய மணல் நீரோடு பம்புக்குள் போய் இம்பெல்லரின் இதழ்களை அரைத்துவிடும். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் நீர் உறிஞ்சும் வாயை அடைத்துக்கொள்ளும். துறைமுகத்தில் கட்டிவைக்கும் படகின் மோட்டாரைவிட, மணலில் ஏறி இறங்கும் படகின் மோட்டாருக்கு இம்பெல்லரை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில. அவற்றில் முதன்மையானது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அளவுமானியைத் திருகி, த்ராட்டிலை முழுதும் திறந்து, கயிற்றை நான்கைந்து முறை இழுக்க வேண்டும். எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. மண்ணெண்ணெய் எளிதில் தட்டும், அதாவது நாக் ஆகும் எரிபொருள் என்பதால், அதற்கென்று செய்த மோட்டாரில் கம்ப்ரஷன் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் மோட்டாரின் அளவை அதற்குப் பொருத்தினால் நல்ல மோட்டாரும் கெட்டதாகத் தெரியும். இரண்டு சிலிண்டர்களையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 10, 15 விழுக்காட்டைத் தாண்டினால் குறைந்த பக்கத்தில் கோளாறு இருக்கிறது. அந்தச் சிலிண்டரில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி இழுத்தால் அளவு ஏறுகிறதா? அப்படியானால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கேஸ்கெட்டையோ தலைப் பகுதியையோ சந்தேகிக்கலாம்.

அடுத்து கியர் ஆயில். அடித் திருகைக் கழற்றினால் வரும் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மலிவு. அதை மாற்றாமல் விட்டால் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். எண்ணெயில் மினுமினுவென்று உலோகத் துகள் வந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள்.

காலையில் கிளம்ப மறுக்கும் மோட்டார் பலவும் உண்மையில் சாகவில்லை. மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். நிறுத்தும் முன் மறுபடி சற்று நேரம் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். கார்புரேட்டர், பிளக், காயில், இம்பெல்லர், சீல், துத்தநாகக் கட்டி எல்லாம் மாற்றக்கூடியவை. துத்தநாகக் கட்டி அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

பிஸ்டன் பிடித்துக்கொண்டு, அதாவது சீஸ் ஆகி நின்றால் செலவு பெரிது. ஆனாலும் சிலிண்டரைக் கடைந்து 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். இன்னொரு முறை 0.50. மெக்கானிக்குகள் இதைப் போர் போடுவது என்பார்கள். அதற்கு மேல் கடைய இடமிருக்காது. உப்பில் ஊறிய மோட்டாரில் பிரிப்பதே ஒரு கண்டம். அலுமினியத்தில் இறங்கிய எஃகு போல்ட் வெள்ளை பூத்து இறுகிக்கிடக்கும். சூடு காட்டித் தட்டினாலும் தலை மட்டும் கையோடு வந்து, உடல் உள்ளேயே முறிந்துவிடும். துளைபோட்டு மரை வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டு மூன்று போல்ட் இப்படி முறிந்தாலே, வேலை தொடங்கும் முன் கூலி ஏறிவிடும்.

நீர்வழிச் சுவர் அரித்துச் சிலிண்டருக்குள் தண்ணீர் வந்தால், கிராங்க் உறை விரிசல் விட்டால், பலகையைப் பற்றும் பிடிப்பு அரித்துப்போனால் மோட்டாரை மாற்றுவதே சரி. இவற்றை ஒட்டுப்போட்டுக் கடலுக்குக் கொண்டுபோவது தவறு.

இடைப்பட்ட நிலையில் ஒரு கணக்கு உதவும். பழுதுச் செலவு புது மோட்டார் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றுவது நல்லது என்பது பொதுவான அளவுகோல். அதோடு கடலுக்குப் போகாத நாட்களின் வருமானத்தையும், தேய்ந்த மோட்டார் குடிக்கும் கூடுதல் எரிபொருளையும் சேர்க்க வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மோட்டார் நின்றால் படகு கரையை விட்டு விலகிக் கிழக்கே போகும். ஒரே மாதத்தில் இரண்டு முறை நடுக்கடலில் நின்ற மோட்டாரைக் காரணம் தெரியாமல் மறுபடி நம்பக் கூடாது. பணக்கணக்கு அதற்குப் பிறகுதான்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் முடிவைத் திருப்பும். எவின்ரூட் பெயரில் வந்த மோட்டார்களின் உற்பத்தியை அதன் உரிமை நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. நூறாண்டு கடந்த பெயருக்கே அப்படி ஆகும்போது, எங்கோ கிடைத்த அரிய மாதிரியைப் பழுது பார்க்கும் முன் அதற்கு கேஸ்கெட் வாங்க முடியுமா என்று கேட்டுவிட வேண்டும்.

மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது? டூ ஸ்ட்ரோக் மோட்டார் எடை குறைந்தது, பிரிக்க எளிது, ஆனால் எரிபொருளோடு ஆயிலையும் எரிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் சிக்கனம். அதே திறனுக்கு எடை கூடுதல், பாகங்களும் அதிகம். மணலில் தூக்கி நடப்பவருக்குக் கூடும் ஒவ்வொரு கிலோவும் தெரியும். தமிழகக் கரையில் பலர் நீண்ட தண்டு கொண்ட, லம்பார்டினி போன்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சினுக்குப் போயிருக்கிறார்கள். சத்தமும் அதிர்வும் அதிகம்தான். ஆனால் அது காற்றால் குளிரும் இஞ்சின். உள்ளே கடல்நீர் ஓடாததால் மேலே சொன்ன உப்பு நோய் அதற்கு வருவதில்லை. அலையில் தண்டை மேலே தூக்கிவிடவும் முடியும்.

அதே மாதிரி மோட்டாரையே புதிதாக வாங்கினால், பழையதை எடைக்குப் போட வேண்டியதில்லை. சிலிண்டர் போன மோட்டாரில் கியர் பெட்டி, காயில், கார்புரேட்டர், எரிபொருள் தொட்டி ஆகியவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்தால், புதிய மோட்டாருக்கு அவை சில ஆண்டுகள் உதிரிபாகமாக உதவும்.