மேல்தளத்திலிருந்து இறங்கும் நீர்: இழப்பு யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், அலுவலகத்தை நனைக்கும் நீர் எப்போதும் வானத்திலிருந்தே வருவதில்லை. இந்நகரில் குடிநீர் குறிப்பிட்ட நேரங்களில்தான் விநியோகிக்கப்படுகிறது. நீர் வராத வேளையில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து ஒருவர் வீடு திரும்பினால், மறுநாள் காலையில் கீழ்த்தளத்தாரின் கணினிகளும் கோப்புகளும் பாழாகியிருக்கலாம்.

மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்துக்கு இவ்வாறு நேர்ந்ததாகக் கொள்வோம். இங்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, கீழ்த்தளத்தாரின் இழப்பை ஈடுசெய்வது எது? அவருடைய சொந்தக் காப்பீடே. ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத தொழில்களுக்கு, 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றுடன் நீர்த்தொட்டி, குழாய் போன்றவை வெடிப்பதாலும் நிரம்பி வழிவதாலும் ஏற்படும் சேதமும் இதில் அடங்கும். நாள்பட்ட கசிவால் சுவர் ஊறிப்போவது இதில் சேராது.

இரண்டாவது, மேல்தளத்தாரின் பொறுப்பு என்ன? கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் அவர் இழப்பீடு தர வேண்டியவராவார். அவருடைய தீக்காப்பீட்டுப் பாலிசி அவரது உடைமையை மட்டுமே காக்கும். பிறருக்கு அவர் தர வேண்டிய தொகைக்குத் தனியே பொறுப்புக் காப்பீடு தேவை. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாள்வோருக்கானது. இத்தகைய நிகழ்வுகளுக்கு அது பொருந்தாது.

கீழ்த்தளத்தாருக்கு இழப்பீடு வழங்கிய காப்பீட்டு நிறுவனம், மேல்தளத்தாரிடமிருந்து அத்தொகையை வசூலிக்கும் உரிமையைப் பெறுகிறது. ஆகவே, அண்டை வீட்டு உறவைக் கருதி ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடலாகாது. அது உங்கள் இழப்பீட்டையே பாதிக்கக்கூடும்.

கடன் பெற்றுள்ள வாடிக்கையாளர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாராவியின் தோல்பொருள், ஆயத்த ஆடைத் தொழில்களில் வங்கிக்கு ஈடாகக் காட்டிய சரக்கிற்கு மட்டுமே காப்பீடு எடுக்கப்பட்டிருக்கலாம். அப்படியாயின் இயந்திரங்களும் மேசை நாற்காலிகளும் காப்பின்றியே இருக்கும். பாலிசியில் குறிக்கப்பட்ட முகவரியிலிருந்து சரக்கை வேறிடத்துக்கு மாற்றினால், அதனை உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் தெரிவித்தல் அவசியம்.

காப்புத் தொகையும் சரியாக இருத்தல் வேண்டும். 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உடைமையை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 4 லட்சம் ரூபாய் இழப்புக்கு ஏறத்தாழ 2 லட்சமே கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சப்படுத்தியது இழப்பின்போது பன்மடங்காகக் கைவிட்டுப் போகும்.

சேதம் நேர்ந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, நீரின் வரத்தை நிறுத்துக. எஞ்சியவற்றைக் காப்பாற்றுவதும் காப்பீடு செய்தவரின் கடமையே. பின்னர் புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டடச் சங்கத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். சர்வேயர் பார்வையிடும்வரை நனைந்த பொருள்களை அப்புறப்படுத்த வேண்டாம். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், தனியுரிமைத் தொழில் நடத்துவோரும் குறுந்தொழில் முனைவோரும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பருவமழை தொடங்குமுன் உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எந்தப் பொருள், எந்த முகவரி, எவ்வளவு தொகை என்ற மூன்றும் சரியாக உள்ளனவா எனச் சரிபார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்.